திருகோணமலைக் கடலடியில் கப்பல்களும் முருகைக்கற்களும்: ஐந்து நாட்களில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான். புதுச்சேரியில் ஸ்கூபா பயின்று, 18 மீற்றர் வரை இறங்குவதற்கான அடிப்படைச் சான்றிதழும் பன்னிரண்டு முறை சுழியோடிய அனுபவமும் உள்ள ஒருவர், ஜூலை மாதத்தில் ஐந்து நாட்கள் திருகோணமலையில் தங்கவிருக்கிறார். மூழ்கிய கப்பல்களையும் பவளப்பாறைகளையும் (எங்கள் பேச்சில் முருகைக்கற்கள்) பார்க்க விரும்பும் அவர், இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய பிரித்தானிய ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலுக்கு இறங்க முடியுமா என்றும், முடியாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார். இந்தக் கடலில் பல ஆண்டுகளாக இறங்கி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஹேர்மிஸ். இந்த முறை அதை விட்டுவிடுங்கள். அது திருகோணமலையில் இல்லை, மட்டக்களப்புக் கல்லடிக்கு நேரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல் மட்டக்களப்பில் மூழ்கியதற்குக் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று காலையில் யப்பானிய விமானங்கள் தாக்க வருகின்றன என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை முதல் நாள் இரவே வெளியேற்றித் தெற்கு நோக்கி அனுப்பினார்கள். துறைமுகத்தின் மீதான தாக்குதல் ஓய்ந்ததும் ஹேர்மிஸ் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, விமானங்கள் அதைக் கண்டுபிடித்தன. தன்னிடம் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில் அந்த விமானந்தாங்கி சில நிமிடங்களிலேயே மூழ்கியது. அதில் இருந்த 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் ‘வம்பயர்’, எண்ணெய்க் கப்பல்களான ‘அதெல்ஸ்ரேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜன்ற்’, சிறு போர்க்கப்பலான ‘ஹொலிஹொக்’ ஆகியவையும் அதே நாளில் அதே கரையோரத்தில் அழிந்தன. ஆகவே கிழக்குக் கடலின் கப்பற் சிதைவுகளில் பல ஒரே நாளின் விளைவு.

அந்த ஆழம் உங்களுக்கு ஏன் ஆகாது என்பதை ஒரு கணக்கு விளக்கிவிடும். 53 மீற்றரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய 6.3 மடங்கு. மேலே நிமிடத்திற்கு 20 லீற்றர் காற்றை இழுப்பவர், அங்கே அதே நிமிடத்தில் 126 லீற்றரைச் செலவழிப்பார். 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் வரை நிரப்பினால் கிடைப்பது 2400 லீற்றர் என்பதால், அது பத்தொன்பது நிமிடத்தில் முற்றாகத் தீர்ந்துவிடும். இறங்கும் நேரம், ஏறும் நேரம், சேமிப்பாக மிஞ்ச வேண்டிய காற்று ஆகிய மூன்றையும் அதற்குள்தான் அடக்க வேண்டும். அது மட்டுமன்று, 30 மீற்றருக்குக் கீழே நைதரசன் மயக்கம் தலையைக் குழப்பத் தொடங்கும். பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு 40 மீற்றரை எல்லையாக வைத்திருப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல. ஹேர்மிசைப் பார்த்தே ஆக வேண்டுமானால், ஆழச் சுழியோடலுக்கான தொழில்நுட்பப் பயிற்சியை முடித்துவிட்டு வாருங்கள். 24 மீற்றர் அளவில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்றுக்கு அடுத்த நிலைச் சான்றிதழ் போதும் என்றாலும், அதற்குப் புறப்படுவது பாசிக்குடா, கல்குடாப் பக்கத்திலிருந்து. திருகோணமலையிலிருந்து அது ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தெற்கே.

ஜூலையில் வருவது நல்ல தெரிவு. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று நேராகக் கரையைத் தாக்குவதால் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும், படகுகளும் கரையேறிவிடும். ஏப்ரலுக்குப் பின்னர் காற்று திரும்பி நிலத்தின் பக்கமிருந்து வீசத் தொடங்கும்போது, கரையோரம் காற்றுக்கு மறைவாகி அமைதியடையும். எங்கள் மக்கள் கச்சான் என்று சொல்லும் அந்த வறண்ட காற்று அலையை எழுப்பாது, ஆனால் மேற்பரப்பில் மிதப்பவரைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். வெளியூரிலிருந்து வருபவர்கள் அமைதியான நீரைப் பார்த்து இதை மறந்துவிடுகிறார்கள். காலை ஆறரை, ஏழு மணிக்கே இறங்கிவிட்டால் காற்று பலக்குமுன் இரண்டு சுழியோடல்களை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

இந்தத் தரைக்காற்றுக்குக் கப்பல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1795 ஓகஸ்ட் 2 அன்று, ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடிக்க வந்த பிரித்தானியப் படையின் 44 பீரங்கிக் கப்பலான ‘டயமீட்’, வேறொரு கப்பலை இழுத்துக்கொண்டு பலத்த தரைக்காற்றை எதிர்த்து உள்ளே வர முயன்றது. அப்போது எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாத ஒரு பாறையில் மோதியது. ஆட்களை மீட்பதற்கு மட்டுமே நேரம் இருந்தது, பொருட்களோடு கப்பல் போய்விட்டது. குடாவின் வாயிலில் இப்படித் திடீரென எழுந்து நிற்கும் பாறைகள்தான் அன்று மாலுமிகளுக்கு யமனாக இருந்தன. இன்று நாம் இறங்கிப் பார்க்கும் முருகைக்கல்லும் மீனும் அதே வகைப் பாறைகளைப் பற்றிக்கொண்டுதான் வாழ்கின்றன.

துறைமுகத்துக்கு உள்ளேயும் போர்க்காலச் சிதைவுகள் இருந்தன, இருக்கின்றன. 1942 தாக்குதலில் எரிந்த ‘சகைங்’ என்ற பயணிகள் கப்பலைப் பின்னர் துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் அதை மீண்டும் மிதக்க வைத்து, அகற்றி, ஆழ்கடலில் அமிழ்த்தினார்கள். 1944 ஓகஸ்ட் 8 அன்று ‘வேலியன்ற்’ என்ற போர்க்கப்பலைத் தாங்கியிருந்த மிதக்கும் கப்பற்கூடம் பாரம் தாங்காமல் முறிந்து மூழ்கியதும் இங்கேதான். எனினும் உள்துறைமுகம் கடற்படைத் தளம். அனுமதியின்றி அங்கே இறங்க முடியாது என்பதால் அதை உங்கள் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு உகந்த கப்பல், நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டிக்கு அப்பால் கிடப்பது. சுழியோடிகள் அதை இறக்கக்கண்டிக் கப்பல் என்றே சொல்கிறார்கள். ஆழம் உங்கள் சான்றிதழின் எல்லைக்குள் அடங்கும். முழுக் கப்பலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அலையும் உப்பும் பிரித்துப்போட்ட தகடுகள், விலா எலும்பு போல வரிசையாக நிற்கும் வளைந்த இரும்புகள், எதன் பாகமென்று உடனே சொல்ல முடியாத குழாய்கள் ஆகியவையே மணலில் பரந்து கிடக்கும். முதன்முறை இறங்கியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஏனென்றால் நான் கப்பலின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை ஒரே ஒரு தகட்டின் அருகில், கையை மார்போடு கட்டிக்கொண்டு, பத்து நிமிடம் அசையாமல் நின்றேன். சாய்ந்து கிடந்த அந்தத் தகட்டின் அடிப்புறத்தில் சிங்கமீன் ஒன்று தலைகீழாக, தகட்டையே தரையாக எண்ணியதுபோல, செட்டைகளை விரித்தபடி மிதந்துகொண்டிருந்தது. துரு வெடித்த ஓர் ஓட்டையில் அஞ்சாளை என்ற பாம்பு போன்ற மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அது கடிக்க முனைவதன்று, மூச்சுவிடும் முறை அப்படி. விளிம்பில் ஒட்டியிருந்த சிப்பிகளுக்கு இடையில், நகத்தளவுகூட இல்லாத ஓர் இறால் தன் மெல்லிய கொம்புகளை ஆட்டிக்கொண்டிருந்தது. சற்று மேலே மஞ்சள் வரியுடைய சிறுமீன்கள் ஒரு திரையாக நிற்க, அந்தத் திரையைப் பிளந்துகொண்டு பாரை மீன்கள் இரண்டு, மூன்றாகப் பாய்ந்து போயின.

இவ்வளவு உயிர் அங்கே திரள்வதற்குக் காரணம் எளிமையானது. சுற்றிலும் வெறும் மணல். மணலில் ஒளிவதற்கு இடமில்லை, ஒட்டுவதற்குக் கடினமான பிடியும் இல்லை. ஒரு கப்பல் விழுந்தவுடன் இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. மேலாக எழுந்து நிற்கும் இரும்பு நீரோட்டத்தைத் தடுத்துத் திருப்புவதால், ஓட்டத்தோடு வரும் நுண்ணுயிர்களை உண்பவையும், அவற்றை உண்பவையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆனால் இரும்பு துருவேறி ஏடு ஏடாக உதிர்வதால், கல்லாக வளரும் முருகைகளுக்கு அது நல்ல பிடியன்று. பத்து ஆண்டு வளர்ந்த ஒரு கிளை, தகட்டின் ஏட்டோடு சேர்ந்து கழன்று விழுந்துவிடலாம். அதனால்தான் கப்பலில் சிப்பியும் கடற்பஞ்சும் மென்பவளமும் செழிக்கின்றன, பாறையில் கல்முருகை செழிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நான் கப்பலையும் பாறையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கப்பலுக்குள் எந்த இடைவெளியிலும் நுழையாதீர்கள். அறுந்த வலைகள் தகடுகளில் சிக்கிக் கிடக்கின்றன, நைலோன் நூல் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. இத்தகைய சிதைவுகளை முதலில் அறிந்தவர்களே, வலை மாட்டிக் கிழிந்து நட்டப்பட்ட கடற்றொழிலாளர்கள்தான். கரையிலுள்ள ஒரு குன்றையும் ஒரு மரத்தையும் நேர்கோட்டில் வரவிட்டு, வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களைப் பொருத்தி, கடலின் நடுவே அதே இடத்திற்கு வள்ளத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் முதியவர் ஒருவருடன் நான் போயிருக்கிறேன். எங்கள் கையிலிருந்த கருவி காட்டிய புள்ளிக்கும் அவர் காட்டிய இடத்துக்கும் வள்ளத்தின் நீளமளவு வித்தியாசம்கூட இல்லை. அத்தகையவர்களை ஐயா என்று அழைத்து, பக்கத்திலிருந்து பேச்சுக் கேளுங்கள். இந்தக் கடலின் தரையை அவர்களைப் போல அறிந்தவர்கள் குறைவு.

இனிப் புறாத்தீவு. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். மாடப்புறாக்களைக் காப்பதற்காக 1963இல் சரணாலயமாக்கப்பட்ட இடம், 2003இல் சுற்றியுள்ள கடலோடு சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 471 ஹெக்ரயர். நூறு வகையளவு முருகைகளும் முந்நூறு வகையளவு மீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆழமற்ற பகுதியில் மான்கொம்பு போலக் கிளைக்கும் முருகைகளும், மேசை போலவும் இலை போலவும் விரிபவையும், சற்றே விலகினால் உருண்டைப் பாறை போல் வளரும் திண்ணிய முருகைகளும் உண்டு. கருமுனைச் சுறாக்கள் இடுப்பளவு நீரிலேயே சுற்றும். அவை மனிதரைக் கண்டு விலகிச் செல்பவை, துரத்தாமலிருந்தால் தாமாகவே மீண்டும் சுற்றி வரும். அழுங்காமையையும் பேராமையையும் காண வாய்ப்புண்டு. இங்கே முதல் நாளில் சிலிண்டர் வேண்டாம், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். சனி, ஞாயிறு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் மிகுந்த நாளில் நீங்கள் பார்ப்பது பிறரின் கால்களைத்தான்.

அந்தக் கால்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1998இல் இந்து சமுத்திரம் முழுவதும் நீர் சூடாகி முருகைகள் வெளிறி மடிந்தபோது, இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளின் ஆழமற்ற பாறைகள் பெருமளவில் அழிந்தன, திருகோணமலைப் பகுதி பெருமளவுக்குத் தப்பியது. அப்படிக் காலம் விட்டுவைத்ததை இன்று நாம் மிதித்து உடைத்துக்கொண்டிருக்கிறோம். கிளைமுருகை நல்ல நிலையில் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு வளரக்கூடும். உருண்டை முருகைக்கு ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரே பெரிது. ஆகவே ஒரு பானையளவு உருண்டையின் வயதைப் பத்துப் பத்து ஆண்டுகளாகக் கணக்கிட வேண்டும். ஒருமுறை நாங்கள் சென்ற படகில், தடுத்துச் சொல்ல வாய் திறப்பதற்குள் நங்கூரத்தை நேரே முருகைத் தட்டின் மேல் எறிந்துவிட்டார்கள். இறங்கிப் பார்த்தபோது, சாப்பாட்டு மேசையளவு விரிந்திருந்த ஒரு தட்டு நடுவில் பிளந்து, உடைந்த வெட்டுமுகம் சீனிக் கட்டியைப் போல வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அடுத்த பருவத்தில் அந்த வெள்ளையைப் பச்சைப் பாசி மூடியிருந்தது. அன்றிலிருந்து, நங்கூரத்தை மணலில் இறக்குவீர்களா என்று கேட்டு உறுதி பெறாமல் நான் எந்தப் படகிலும் ஏறுவதில்லை. வெடி வைத்து மீன் பிடிப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டதே. ஆனாலும் வட்டமாகச் சிதறிச் சல்லியாகிப்போன முருகைக்கல் இடங்களை இந்தக் கடலில் நான் பார்த்திருக்கிறேன். அவற்றோடு ஒப்பிட்டால் ஒரு பயணியின் கால் சிறியதுதான், ஆனால் கால்கள் நாள்தோறும் வருகின்றன.

நீங்கள் செய்யக்கூடியது மிதப்பைச் சீராக வைத்திருப்பது. முதல் சுழியோடலை மணற்தரையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கட்டும் ஈயத்தின் எடையைச் சரிபார்த்து, மூச்சால் மட்டும் ஏறி இறங்கப் பழகுங்கள். கையுறை வேண்டாம். கையுறை போட்டவர் எதையும் பிடிப்பார். பிடிக்கும் பழக்கம் கல்மீனிடம் கொண்டுபோய் விட்டுவிடும். அதன் முதுகு முள்ளின் நஞ்சு தாங்க முடியாத வலியைத் தரும். சூரியக் களிம்புக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை அணிந்துகொள்ளலாம். உயிருள்ளதோ இறந்ததோ, முருகைத் துண்டு ஒன்றைக்கூட எடுத்துச் செல்வது குற்றம். கப்பலிலிருந்து ஒரு ஆணியையும் எடுக்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் பின்னர், நான்காம் நாளுக்கென்று சுவாமி மலையை வைத்திருங்கள். திருக்கோணேசுவரம் நிற்கும் அந்தக் குன்று கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள், எஞ்சியவை கடலில் விழுந்தன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் குன்றின் அடியில் சுழியோடியபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் பாறைகளுக்கிடையில் கிடப்பதைக் கண்டார்கள். தேவாரப் பாடல் பெற்ற ஒரு தலத்தின் கற்களுக்கு நடுவே கலவாய் மீன் உறங்குவதை வேறெங்கே பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கும் முதலில் எல்லாமே பாறைகளாகத்தான் தெரியும். இயற்கை நேர்கோடு போடாது என்பதை நினைவில் வைத்து, நேரான விளிம்பைத் தேடுங்கள். நான் கண்ட ஒரு தூண்துண்டின் உச்சியில் சதுரமாகக் குடைந்த துளை இருந்தது. நான்கு மூலைகளும் இன்னும் கூர்மையாக இருக்க, உட்புறத்தை இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி சாந்து பூசியதுபோல மூடியிருந்தது. அந்தத் துளைக்குள் கடல் முள்ளி ஒன்று தன் கறுப்பு முட்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மலைமுனையைச் சுற்றி நீரோட்டம் திடீரென இறுகும் என்பதால், வழிகாட்டி சொல்லும் ஆழத்தைத் தாண்டாதீர்கள். அவர் திரும்பச் சொன்னால் உடனே திரும்புங்கள். அந்த இடம் பக்தர்களுக்குப் புனிதமானது, எந்தக் கல்லின் மீதும் காலூன்ற வேண்டாம்.

சுழியோடல் நிலையம் ஒன்றைத் தெரிவு செய்யும்போது கட்டணத்தை விட மூன்று விடயங்களை முதலில் கேளுங்கள். படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அழுத்தக் கோளாறு (உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகி வரும் நோய்) ஏற்பட்டால் எங்கே கொண்டுபோவார்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். நீருக்குள்ளிருந்து ஏறும்போது நிமிடத்திற்கு ஒன்பது மீற்றரை மிஞ்ச வேண்டாம், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொன்னதே. ஆனால் இலங்கைக்கு வருபவர்களில் பலர் ஓர் ஆபத்தை யோசிப்பதில்லை. காலையில் திருகோணமலையில் சுழியோடிவிட்டு மாலையில் நுவரெலியாவுக்கு வாகனத்தில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவதால், உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகும் வாய்ப்பு, விமானத்தில் ஏறுவதைப் போலவே கூடுகிறது. பல நாட்கள் தொடர்ந்து சுழியோடிய பின்னர் விமானத்துக்குக் குறைந்தது பதினெட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்ற விதியை மலைநாட்டுப் பயணத்துக்கும் கடைப்பிடியுங்கள்.

ஆகவே முதல் நாள் புறாத்தீவில் மூச்சுக்குழாயோடு, இரண்டாம் நாள் நிலாவெளிப் பக்கத்துப் பாறைகளில் மிதப்பைச் சரிசெய்தபடி, மூன்றாம் நாள் இறக்கக்கண்டிக் கப்பல், நான்காம் நாள் சுவாமி மலை. கடல் கலங்கியிருந்தால் மூன்றையும் நான்கையும் மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு நாள் கழிந்தாலும் பரவாயில்லை. ஐந்தாம் நாள் நீரில் இறங்க வேண்டாம். நிலாவெளி வீதியில், உப்புவெளியை ஒட்டி, இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களுக்கான பொதுநலவாயப் போர் மயானம் இருக்கிறது. மரநிழலில் வரிசை வரிசையாக இருக்கும் அந்தக் கல்லறைகளில் வயது பொறிக்கப்பட்டவற்றைப் பாருங்கள், மிகப் பலர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். காலை வெயில் ஏறுமுன் போனால் ஆறுதலாக நடந்து பார்க்கலாம்.